பித்தளைத் திருவுருவங்கள்: விளக்குதலும் காத்தலும்

(ஆலய ஆண்டுத் திருவிழாவை முன்னிட்டு நடைபெற்ற சமயக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா மேடையில் புராணமும் திருமுறையும் பேசுவதே வழக்கம். அடியேன் புலவனும் அல்லன். சமயச் சொற்பொழிவாளனும் அல்லன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் படித்து, பின்னர் அரசாங்கப் பணியில் சேர்ந்து, கோப்புகளோடும் பதிவேடுகளோடும் இருபது ஆண்டுகளாகப் பழகிவருபவன். ஆகவே எனக்குத் தெரிந்த வழியிலே, எல்லாருக்கும் பயன்படக்கூடிய ஒரு பொருளைப் பற்றிப் பேச நிர்வாகக் குழுவினரிடம் அனுமதி பெற்றேன். நம் ஆலயத்திலும் நம் வீட்டுப் பூசையறைகளிலும் உள்ள பித்தளைத் திருவுருவங்கள், குத்துவிளக்குகள், தூண்டாமணி விளக்குகள், திருவாசிகள் ஆகியவற்றின் மரபு யாது, அவற்றை எவ்வாறு பேணுவது என்பதே அப்பொருள்.

சொல்லவந்த கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளக்குவது வேறு; காப்பது வேறு. நாம் பித்தளையைப் பளபளக்க விளக்குவதில் வல்லவர்கள். காப்பதில் அத்துணை வல்லவர்களாக இருக்கிறோமா என்பதை இன்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

பொன்னிறமாய் இருப்பதெல்லாம் பித்தளையா?

பொன்னிறத்தில் உள்ள எல்லாவற்றையும் நாம் பித்தளை என்றே அழைத்துப் பழகிவிட்டோம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். செம்பை முதன்மையாகக் கொண்டு, பித்தளையும் காரீயமும் கலந்து, வெள்ளியும் பொன்னும் சிறிதளவு இட்டு வார்ப்பது ஐம்பொன் எனப்படும் பஞ்சலோகம். வீதியுலா வரும் உற்சவத் திருமேனிகள் பெரும்பாலும் ஐம்பொன்னாலும், விளக்கு, தட்டு, மணி, திருவாசி முதலியன பித்தளையாலும் வெண்கலத்தாலும் அமைவது வழக்கம்.

பித்தளை எளிய உலோகம் என்று எண்ணிவிடலாகாது. செம்பு உருகுவது 1,085 பாகை செல்சியஸ் வெப்பத்தில். துத்தநாகமோ 907 பாகையிலேயே ஆவியாகிப் பறந்துவிடும். ஆகவே தனித் துத்தநாகத்தைப் பிடித்துவைப்பது பழங்காலத்தில் மிகக் கடினமான வேலையாக இருந்தது. இராஜஸ்தானத்தின் ஜாவர் என்னும் ஊரில், மூடிய மண்குடுவைகளில் கனிமத்தைச் சூடேற்றி, எழுகின்ற ஆவியைக் குளிரச் செய்து துத்தநாகத்தை வடித்தெடுக்கும் கலையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தனர். அவ்வளவு அரும்பாடுபட்டு வசப்படுத்திய உலோகத்தில்தான் இன்று நாம் விளக்கேற்றுகிறோம்.

வார்க்கும் முறையையும் ஒருமுறை நினைவுகூர்வது நன்று. கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் தலைமுறை தலைமுறையாகத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகள், தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகினால் முதலில் உருவத்தைச் செய்கின்றனர். அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துகின்றனர். பின்பு அதனைச் சூடேற்ற, மெழுகு உருகி வெளியேறுகிறது. அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறியபின் மண் அச்சை உடைத்துத் திருமேனியை வெளியே எடுக்கின்றனர். அதன் பின்னரே உளிவேலை. கண்ணும் இதழும் விரல்நுனியும் அணிகலனின் மணியும் உளியால் தெளிவு பெறுகின்றன.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று. மெழுகும் போயிற்று, மண் அச்சும் உடைந்தது. ஆகவே ஒரு முறை வார்த்த திருமேனியைப் போலவே மற்றொன்றை அதே அச்சில் எடுக்க இயலாது. அதன் முகத்தில் உளி இட்ட கோடு மயிரிழை அளவே ஆழமுள்ளது. அக்கோடு தேய்ந்துபோனால் அந்த முகம் போனதுதான்.

விளக்குக்கும் இத்தகைய பெருமை உண்டு. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நாச்சியார்கோயில், குத்துவிளக்குக்கென்றே பெயர்பெற்ற ஊர். அடிப்பாகம், தண்டு, எண்ணெய் நிற்கும் தட்டு, உச்சியில் அன்னம் எனத் தனித்தனியே வார்த்துக் கடைந்து, திருகாணிபோல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டுவார்கள். விளக்கின் இந்தப் பூட்டுவாய்களைப் பற்றிப் பின்னர் மீண்டும் சொல்வேன்.

சிவனும் புத்தரும் ஒரே கலையில்

இக்கலை சைவ வைணவ ஆலயங்களோடு நின்றுவிடவில்லை. முதலாம் இராஜராஜ சோழன் ஆட்சியில், கி.பி. 1006ஆம் ஆண்டளவில், ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் என்னும் மன்னன் நாகப்பட்டினத்தில் தன் தந்தையின் பெயரால் சூடாமணி விகாரம் என்னும் புத்தப் பள்ளியை எழுப்பினான். அவன் எந்த நாட்டு மன்னன் தெரியுமா? கடாரத்து மன்னன். கடாரம் என்பது நம் மலேசியத் திருநாட்டின் கெடா மாநிலமே. தஞ்சையில் சிவபெருமானுக்குப் பெருங்கோயில் எடுத்த அதே சோழன், கடாரத்து மன்னன் கட்டிய புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே வழங்கினான். அக்கொடையை 21 செப்பேடுகளில் பொறித்தனர். நெதர்லாந்து நாட்டின் லெய்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதால் அவற்றை லெய்டன் செப்பேடுகள் என்று வரலாற்றாசிரியர்கள் அழைத்தனர்.

அந்த நாகப்பட்டினத்தில் 1856ஆம் ஆண்டு தொடங்கி 1934 வரையில், மண்ணுக்கடியிலிருந்து ஏறத்தாழ 350 புத்தத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் பல இன்று சென்னை எழும்பூர் அரும்பொருளகத்தில் உள்ளன. நாகப்பட்டினத்துப் புத்தர் ஒருவர் கடல் கடந்து நியூயார்க் நகரத்து ஆசியக் கழக அரும்பொருளகத்தில் வீற்றிருக்கிறார். அவருடைய பீடத்தில் தமிழ் எழுத்துகள் உள்ளன. திருவிழாவுக்கு எழுந்தருளும் திருமேனியாக அதனைச் செய்தளித்ததாக அவ்வெழுத்துகள் கூறுகின்றன. நம் முருகனும் அம்மனும் வீதியுலா வருவதுபோல், சோழநாட்டில் புத்தரும் திருவிழாக் கண்டிருக்கிறார். செய்தளித்தவர் தம் பெயரும் குறிப்பும் விளங்கும்படி உலோகத்தில் பொறித்து வைக்கும் வழக்கமும் அன்றே இருந்திருக்கிறது.

அவ்வளவு தொலைவு போகவேண்டுவதில்லை. நம் கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கி, தெற்கே சிறிது தூரம் சென்றால் பீடோர் பட்டணம். அங்கே ஓர் ஈயச் சுரங்கத்தில், 1936ஆம் ஆண்டு, எட்டுக் கைகளையுடைய அவலோகிதேசுவரரின் வெண்கலத் திருவுருவம் கிடைத்தது. ஏறத்தாழ 79 சென்டிமீட்டர் உயரமுள்ள அத்திருவுருவம் கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்தில் உள்ளது. அடுத்தமுறை பிள்ளைகளைக் கோலாலம்பூருக்கு அழைத்துச் செல்லும்போது அவசியம் காட்டுங்கள்.

அவலோகிதேசுவரர் நமக்கு அந்நியர் அல்லர். புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் என்னும் தமிழ் இலக்கண நூல், அகத்திய முனிவர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடமே என்னும் பௌத்த மரபைப் பதிவு செய்திருக்கிறது. நம் சீன அன்பர்கள் குவான் யின் என்று வழிபடும் கருணை வடிவமும் அவரே. பிரிஞ்சாங் சாம் போ புத்த ஆலயத்தைக் கடந்து காய்கறிச் சந்தைக்குப் போகும்போது, அது வேறு இது வேறு என்று எண்ண இடமில்லை. உலோகத்தில் கருணையை வார்த்துக் காண விழைந்த ஒரே மரபின் இரு கிளைகள் அவை.

எதனால் கெடுகின்றன?

பீடோர்த் திருவுருவம் பல நூற்றாண்டுகள் சேற்றில் கிடந்தும் தப்பியது. நம் பூசையறையில் உள்ள உருவமோ ஐம்பது ஆண்டுகளில் மூக்கும் கண்ணும் இழந்துவிடுகிறது. சேற்றில் அதனைத் தேய்ப்பார் இல்லை. பூசையறையில் வாரந்தோறும் தேய்க்கிறோம். காரணம் அதுதான்.

பித்தளை கறுப்பது காற்றாலும் ஈரத்தாலும் அதன் மேற்பரப்பில் படியும் மெல்லிய படலத்தால். நாம் புளியிட்டும் எலுமிச்சை இட்டும் தேய்க்கும்போது அந்தப் படலம் கரைகிறது. உடன் சிறிது உலோகமும் கரைகிறது. அதிலும் புளிப்பில் நெடுநேரம் ஊறினால் பித்தளையிலுள்ள துத்தநாகம் முதலில் வெளியேறி, செம்பு மேலே நிற்கும். ஊறவைத்த விளக்கு சில வேளைகளில் செம்மை தட்டுவதைத் தாய்மார்கள் கண்டிருப்பீர்கள். அழுக்கு நீங்கியதால் வந்த நிறம் என்று நினைக்கிறோம். உண்மையில் பித்தளை தன் உடம்பில் ஒரு பகுதியை இழந்ததன் அடையாளம் அது. செங்கல் தூள், மணல், இரும்பு நார் ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அவை அரம் செய்யும் வேலையைச் செய்கின்றன.

இவ்வாறு சொல்வதால், விடியற்காலையில் எழுந்து, பனிக்குளிரில் கை விறைக்க, ஆலயத்து விளக்குகளைத் துலக்கித் தரும் தாய்மார்களின் தொண்டை நான் குறைத்துப் பேசுவதாகக் கருதக்கூடாது. அந்தக் கைகளால்தான் இந்த ஆலயம் இத்தனை ஆண்டுகளாய் ஒளியோடு இருக்கிறது. அந்தத் தொண்டின் பலன் நம் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் நிலைக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அடுத்தது நம் மலையின் ஈரம். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடம் இது. மூடுபனி கருவறை வாயில் வரை வருகிறது. பால், பஞ்சாமிர்தம், இளநீர் என அபிடேகம் செய்தபின், சர்க்கரையும் உப்பும் சிறு சிறு இடுக்குகளில் தங்குகின்றன. ஈரத்தோடு உப்புச் சேர்ந்தால் களிம்பு பிடிக்கும். களிம்பிலும் இருவகை உண்டு. கெட்டியாக, வழவழப்பாக, கரும்பச்சையாய்ப் படிந்திருப்பது ஒருவகை. அது பல வேளைகளில் உலோகத்துக்குப் போர்வையாய் இருந்து காக்கிறது. இளம்பச்சைப் பொடியாய், புள்ளி புள்ளியாய்க் கிளம்புவது மற்றொரு வகை. துடைத்தாலும் சில நாளில் மீண்டும் அதே இடத்தில் தோன்றும். அது உப்பினால் உண்டான நோய். உலோகத்தை உள்ளிருந்து அரிக்கும்.

சென்னை அரும்பொருளகத்தில் இந்நோய் கண்ட பழந்திருமேனிகளைக் காப்பதற்கென்றே 1930ஆம் ஆண்டில் ஓர் இரசாயனக் கூடம் நிறுவினர். எஸ். பரமசிவன் என்னும் தமிழ் அறிஞர் மின்பகுப்பு முறையால் பல திருமேனிகளின் களிம்பை நீக்கி, மறைந்திருந்த நுண்வேலைகளை வெளிக்கொணர்ந்தார். அறிவியலாளர் ஆய்வுக்கூடத்தில் அளந்து அளந்து செய்த அந்தப் பணியை நாம் வீட்டில் திராவகம் ஊற்றிச் செய்ய முயலக்கூடாது.

மூன்றாவது பகை பலர் அறியாதது. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளை உறைகளைக் குதிரை லாயங்களில் சேமித்து வைத்தார்கள். மழைக்காலம் வந்ததும் எவரும் தொடாமலே அவை வெடித்துப் பிளந்தன. காரணம் நெடுநாள் விளங்கவில்லை. குதிரையின் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா வாயுவும் மழைக்கால ஈரமும் சேர்ந்து, அடித்து வளைத்த பித்தளையைப் பிளக்கின்றன என்பது 1921இல்தான் தெளிவாயிற்று. இந்த வரலாறு நமக்கு ஏன் வேண்டும் என்றால், நம் மலையில் ஈரத்துக்குக் குறைவில்லை. காய்கறித் தோட்டங்களுக்கு இடும் கோழி எருவிலும், சில துப்புரவுத் திரவங்களிலும் அம்மோனியா உண்டு. ஆலயத்துப் பொருளறையில் விளக்கையும் எரு மூட்டையையும் கழிப்பறைத் திரவத்தையும் ஒன்றாய் அடுக்கி வைக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

எவ்வாறு பேணுவது?

நடைமுறைக்கு வருவோம். முதலாவது, பிரதிட்டை செய்த மூலவர், உற்சவர் திருமேனிகளைத் தொட்டுப் பேணுவது குருக்களின் உரிமை. அவற்றுக்கு ஆகமம் வகுத்த முறை உண்டு. நான் சொல்வன விளக்கு, திருவாசி, தட்டு, மணி, அலங்கார உருவங்கள், வீட்டுப் படிமங்கள் ஆகியவற்றைப் பற்றியவை.

இரண்டாவது, ஈரம் படிந்த எதனையும் உலர்த்தாமல் பூட்டிவைக்கக் கூடாது. நீர் பட்ட பொருளை நல்ல தண்ணீரால் கழுவி, மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, இடுக்குகளைத் தனியே துடைத்து, காற்றாட வைத்த பின்னரே உள்ளே வைக்கவேண்டும். குத்துவிளக்கானால் பூட்டுவாய்களைக் கழற்றித் துடைக்கவேண்டும். எண்ணெயும் நீரும் ஒளிந்து நின்று பச்சை பூப்பது அங்கேதான்.

மூன்றாவது, எண்ணெய்ப் பிசுக்குப் போக வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் மெல்லிய தூரிகையும் போதும். புளியோ எலுமிச்சையோ வேண்டுமானால், சித்திரவேலை இல்லாத வெறும் பரப்பில் மட்டும் சிறிது நேரம் இட்டு, உடனே கழுவி உலர்த்துங்கள். முகம் உள்ள உருவங்களிலும் எழுத்துப் பொறித்த இடங்களிலும் அவற்றை இடாதீர்கள்.

நான்காவது, கடையில் வாங்கும் அலங்காரப் பித்தளைகள் பலவற்றின்மேல் தொழிற்சாலையிலேயே ஒளிபுகும் மெல்லிய பூச்சு பூசியிருப்பார்கள். அவற்றை ஈரத்துணியால் துடைத்தாலே போதும். தேய்த்தால் பூச்சு ஓரிடத்தில் கிழியும். கிழிந்த இடம் மட்டும் கறுத்துத் திட்டுத் திட்டாகும். நேப்பாளத்துப் புத்தர் படிமங்களில் பொன்முலாம் பூசியவை உண்டு. அந்த முலாம் காகிதத்தைவிட மெல்லியது. அதன்மேல் எவ்வகைப் பொடியும் படக்கூடாது.

ஐந்தாவது, வைக்கும் இடம். சிமெண்டுத் தரையில் நேரடியாக வைக்காமல் உயர்ந்த தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் மூடுவது நல்லது. இளம்பச்சைப் பொடி கண்டால் மற்றப் பொருள்களிலிருந்து பிரித்து, உலர்ந்த இடத்தில் வைத்து, ஸ்தபதியிடமோ அரும்பொருளகத்தாரிடமோ கேட்டு நடங்கள்.

கறுப்பு ஏறிய பழம் படிமத்தைப் புதிது போலாக்கத்தான் வேண்டுமா என்பதையும் எண்ணிப் பாருங்கள். வயது முதிர்ந்த பெரியவரின் முகத்துச் சுருக்கத்தை நாம் குறையாகக் கொள்வதில்லையே!

எழுதி வைப்பதும் காப்பதே

இதுவரை சொன்னது கையால் செய்யும் பாதுகாப்பு. எழுத்தால் செய்யும் பாதுகாப்பு ஒன்றுண்டு. அரசு ஊழியனாகிய நான் அதைச் சொல்லாமல் அமர்ந்தால் என் தொழிலுக்கே இழுக்கு.

தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் வியப்பது ஒன்றுண்டு. இராஜராஜனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் அளித்த செப்புத் திருமேனிகள் ஒவ்வொன்றையும் அங்கே வரிசையாக எழுதியிருக்கிறார்கள். கோயிலிலேயே வைத்திருந்த முழக்கோலால் அளந்து, உயரம் எத்தனை முழம், எத்தனை விரல், திருக்கைகள் எத்தனை, பீடம் எவ்வாறு, கனமாய் வார்த்ததா உள் பொள்ளலா, கொடுத்தவர் யார் என்பன எல்லாம் கல்லில் உள்ளன. அத்திருமேனிகளுள் பெரும்பாலானவை இன்று அங்கே இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் பட்டியல் இருக்கிறது. நாம் இழந்தது இன்னதென்று அறிவதற்கே எழுத்து வேண்டியிருக்கிறது.

இழந்ததை மீட்பதற்கும் எழுத்தும் படமும் உதவும். தமிழ்நாட்டில் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர் திருடுபோய், 2008ஆம் ஆண்டு 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேற்பட்ட விலையில் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தை அடைந்தார். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்னரே அக்கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம், அவர் இந்தக் கோயிலுக்கே உரியவர் என்பதற்குச் சாட்சியாயிற்று. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே புதுடில்லிக்கு வந்து அவரை ஒப்படைத்தார். என்றோ ஒருநாள் ஒருவர் பொறுமையாக எடுத்த ஒரு படம் கூத்தப்பெருமானைத் தாயகம் சேர்த்தது.

நம் ஆலயங்களுக்கு இவ்வளவு விலைமதிப்புள்ள பொருள்கள் இல்லையே என்று சிலர் கேட்கலாம். நம்மிடம் இருப்பவற்றின் மதிப்பு வேறு வகையானது. 1929ஆம் ஆண்டு போ தேயிலைத் தோட்டம் தோன்றியது. அடுத்த சில ஆண்டுகளில் இம்மலையில் மேலும் தோட்டங்கள் எழுந்தன. காடு வெட்டி, சரிவில் கன்று நட்டு, கொழுந்து பறித்தவர்களின் பெயர்கள் எந்த நூலில் இருக்கின்றன? பெரட்டுக்களத்தில் கூப்பிட்ட பெயர்கள் செக்ரோல் புத்தகத்தோடு போயின. ஆனால் பழந்தோட்டத்து ஆலயங்களின் விளக்கடியைப் புரட்டிப் பாருங்கள். உளியால் கொத்திய புள்ளி எழுத்துகளில் 'உபயம்' என்று தொடங்கி, ஒரு பெயர், ஓர் ஊர், ஓர் ஆண்டு இருக்கும். எழுத்துப்பிழையும் இருக்கும். சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஈப்போவுக்கோ பினாங்குக்கோ ஆள் போகும்போது சொல்லி அனுப்பி வாங்கிய விளக்கு அது. அந்த மனிதர் இம்மலையில் வாழ்ந்தார் என்பதற்கு எஞ்சியிருக்கும் கல்வெட்டு அந்தப் பித்தளையே. நாம் பொடியிட்டுத் தேய்க்கும்போது முதலில் மறைவது அந்த எழுத்துகள்தான்.

தேய்ந்து மறைவதற்குக்கூட வழியின்றி ஒரேயடியாய்ப் போவதும் உண்டு. ஓர் ஆலயத்தில் நிகழ்ந்தது. ஊரும் பெயரும் வேண்டாம். திருப்பணிக்கு முன் பொருளறையைச் சுத்தம் செய்தவர்கள், நசுங்கியும் கறுத்தும் கிடந்த பழைய விளக்குகளையும் தட்டுகளையும் கிலோக் கணக்கில் பழைய சாமான் கடைக்குக் கொடுத்தார்கள். தீய எண்ணம் ஒன்றுமில்லை. வந்த பணத்தைக் கணக்கிலும் வைத்தார்கள். குடமுழுக்கன்று, பல ஆண்டுகளுக்கு முன் தோட்டத்தை விட்டுச் சென்ற ஒரு மூதாட்டி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். தம் தாயார் கொடுத்த தூண்டாமணி விளக்கைக் காண விரும்புவதாகச் சொன்னார். நானும் அன்று விருந்தினனாக அங்கே இருந்தேன். நிர்வாகத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். எது அந்த விளக்கு, அது இருந்ததா, எப்போது போயிற்று என்று சொல்ல அங்கே ஒரு பதிவேடு இல்லை. அம்மையார் புதிய விளக்குகளை எல்லாம் கும்பிட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் போய் அமர்ந்தார்.

அன்பர்களே, நம் ஆலயத்திலும் திருப்பணி பற்றிய பேச்சு நடைபெறுகிறது. பழம் பித்தளைகளை எடைக்குக் கொடுத்து, அதனோடு நன்கொடையும் சேர்த்துப் புதியன வாங்கலாம் என்று ஒரு கருத்து எழுந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அக்கருத்தைச் சொன்னவர்களும் ஆலயத்தின் நன்மையை நாடியே சொன்னார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. பொருளறை சிறியது, பணம் பெரிது, புதியது கண்ணுக்கு அழகு. இவை யாவும் உண்மை. பின்னமுற்ற திருமேனிகளை என்ன செய்வது என்பதைக் குருக்களும் ஸ்தபதியும் ஆகமப்படி முடிவு செய்வார்கள். அதில் நான் தலையிடவில்லை. எஞ்சியவற்றில் முடிவு பொதுக்கூட்டத்தின் கையில். அந்த முடிவுக்கு முன்பாக ஒன்றே ஒன்று செய்யுங்கள் என்று கேட்கிறேன். எதையும் எடை போடும் முன் எழுதிவையுங்கள்.

ஒரு கெட்டி அட்டைப் பதிவேடு போதும். பொருளின் பெயர், உயரம், எடை, உள்ள பழுது, வைத்திருக்கும் இடம், திறவுகோல் யாரிடம் என்பன ஒரு பக்கம். பொறித்த எழுத்துகளைப் பிழையைத் திருத்தாமல் அப்படியே படியெடுத்து மறுபக்கம். முன்னும் பின்னும் இரு பக்கமும் ஆக நான்கு படங்கள். இன்றைய இளைஞர் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் படம் எடுக்கும் கைப்பேசி இருக்கிறது, செலவே இல்லை. கொடுத்தவர் குடும்பம் இன்று எங்கே இருக்கிறது என்பதை மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். இதனை இப்போதே கேட்கவேண்டும். தோட்டத்தில் நம்மவர் எண்ணிக்கை குறைந்து, பிள்ளைகள் பட்டணங்களில் குடியேறி, திருவிழாவுக்கு மட்டுமே வரும் காலம் இது. விளக்கைப் பார்த்து, "இது இன்னார் கொடுத்தது" என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் இங்கே முன்வரிசையில் சிலரே அமர்ந்திருக்கிறீர்கள். பதிவேட்டின் படி ஒன்று ஆலயத்திலும் மற்றொன்று வேறிடத்திலும் இருக்கட்டும்.

எழுதி முடித்த பிறகு, எடைக்குப் போகலாம் என்று நாம் நினைத்தவற்றுள் பல அங்கே போகமாட்டா என்பது என் நம்பிக்கை. பெயர் தெரிந்த ஒருவரைத் தராசில் ஏற்ற நம் மனம் ஒப்பாது.

மாதர் பகுதியினர் துணியும் தூரிகையும் கொண்டு வாருங்கள். இளைஞர்கள் கைப்பேசியும் அளவு நாடாவும் கொண்டு வாருங்கள். மூத்தோர் நினைவைக் கொண்டு வாருங்கள். நிர்வாகக் குழு நாள் குறித்தால், ஒரு சனிக்கிழமை எழுதுகோலோடு வந்து அமர நான் ஆயத்தம். அடுத்த திருவிழாவில் அப்பதிவேடு இம்மேடையில் இருக்குமானால், அதுவே ஆண்டவனுக்கு நாம் சாத்தும் ஒரு மாலை.

 எல்லாம் வல்ல இறைவன் திருவருள் நம் குடும்பங்களிலும் இம்மலைத் தோட்டங்களிலும் நிறைந்து விளங்குவதாக.